மாவட்ட மருத்துவமனைப் பொறுப்பாளர்களுக்கு மேலாண்மைப் பயிற்சி (கென்யா, உகாண்டா): ஒருவருக்கு எம்.பி.ஏ.வா, குழுவுக்குக் குறுகியகாலப் பயிற்சியா?

ஏரிக்கரையான்:

வணக்கம் நண்பர்களே. ஓர் அறக்கட்டளைக்காக மூன்று மருத்துவமனைகளுக்கு மேலாண்மைப் பயிற்சித் திட்டம் போட வேண்டியிருக்கிறது. இரண்டு மேற்கு கென்யாவில், கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) அரசு நடத்தும் நான்காம் நிலை மருத்துவமனைகள், அதாவது மாவட்ட மருத்துவமனை அளவு. மூன்றாவது கிழக்கு உகாண்டாவில் ஒரு மிஷன் மருத்துவமனை. எல்லாமே 80 முதல் 120 படுக்கைக்குள். பொறுப்பில் இருப்பவர்கள் மருத்துவர், நர்சிங் இன்சார்ஜ், மருந்தாளுநர், லேப் பொறுப்பாளர். நோயாளியைப் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் பட்ஜெட், கொள்முதல், ஆள் கணக்கு எதையும் கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை. பதவிக்கு வந்தபின் முட்டி மோதிக் கற்றதுதான்.

இருக்கிற பணத்தில் ஒருவரை எம்.பி.ஏ. படிக்க வைக்கலாம். இல்லையென்றால் ஒவ்வொரு இடத்திலிருந்தும் நாலைந்து பேருக்கு ஆறேழு மாதப் பயிற்சி கொடுக்கலாம். இரண்டுக்கும் காணாது. எதைத் தேர்ந்தெடுப்பது? பாடத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை எவை? ஆறு மாதம் கழித்துப் பலன் இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

"தொலைநோக்கு, தலைமைப் பண்பு" என்று ஓடும் பவர்பாயின்ட் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது. கணக்கோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

வரவுசெலவு:

உங்கள் நிலைமையில் குழுவுக்குத்தான் என் ஓட்டு. கவுன்டி மருத்துவமனையில் மெடிக்கல் சூப்பரின்டென்டன்ட் எப்போது மாற்றப்படுவார் என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் தலைக்குள் இருக்கும் படிப்பு அவரோடு போய்விடும். நாலு பேர் ஒன்றாகக் கற்றால் ஒருவர் போனாலும் வேலைமுறை நிற்கும்.

இன்னொன்று, படிப்பு மட்டும் தனியாக எதையும் மாற்றாது. 2007இல் அக்ராவில் உலக சுகாதார அமைப்பு நடத்திய கலந்தாய்வில் நான்கு விஷயங்களைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள்: போதிய எண்ணிக்கையில் மேலாளர்கள், அவர்களுக்குத் திறன், பணம்-மருந்து-தகவல் முறைகள் ஒழுங்காக இயங்குவது, முடிவெடுக்க இடம்கொடுக்கும் சூழல். பயிற்சி தொடுவது இரண்டாவதை மட்டும். எத்தியோப்பியா இதைச் சரியாகப் பிடித்தது. கிளின்டன் அறக்கட்டளையும் யேல் பல்கலைக்கழகமும் சுகாதார அமைச்சகத்தோடு சேர்ந்து வேலை செய்தபோது, மருத்துவமனைக்குத் தலைமை நிர்வாகி என்று ஒரு பதவியையே உருவாக்கினார்கள். அந்தப் பதவியில் இருப்பவர்களுக்கு ஜிம்மா பல்கலைக்கழகத்தில் மருத்துவமனை நிர்வாக முதுகலை. 2010இல் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் ஒரே சீர்திருத்த வழிகாட்டி. பதவி, படிப்பு, தரஅளவு மூன்றும் ஒன்றையொன்று தாங்கின. நீங்கள் பதவி உருவாக்க முடியாது, சரி. ஆனால் பயிற்சி தொடங்கும் முன் கவுன்டி சுகாதார அலுவலரை உட்கார வைத்து, இந்தக் குழு தானாக முடிவெடுக்கக்கூடியவை எவை என்று எழுதி வாங்குங்கள்.

பணப் பாடத்தில் இரண்டு இருந்தால் போதும். மற்றவை தானாக வரும்.

முதலாவது, ஒரு சேவையின் அடக்கவிலை. கென்யாவில் 2024 அக்டோபர் 1 முதல் பழைய தேசிய மருத்துவமனைக் காப்பீட்டு நிதியின் (என்.எச்.ஐ.எஃப்.) இடத்தில் சமூக சுகாதார ஆணையம் வந்துவிட்டது. சிசேரியனுக்குத் தொகுப்புக் கட்டணம் 30,000 ஷில்லிங் (நடப்பு அரசிதழைப் பார்த்துக்கொள்ளுங்கள்). நம் அடக்கவிலை என்ன என்று கேட்டால் நூல், மயக்கமருந்து, கையுறை என்று கூட்டி ஒரு தொகையைச் சொல்வார்கள். அது பாதிக் கணக்கு. ஆள் நேரத்தை இப்படிப் போட வையுங்கள்: ஒரு நர்ஸுக்கு மாதச் செலவு 60,000 என்று வைப்போம். மாதம் 160 மணி நேரம்; அதில் நோயாளிக்குக் கிடைப்பது 80 சதவீதம், அதாவது 128 மணி, 7,680 நிமிடம். ஆக நிமிடத்துக்கு ஏறக்குறைய 7.8 ஷில்லிங். தியேட்டரில் இரண்டு நர்ஸ் 75 நிமிடம் என்றால் 1,170. இதேபோல அறுவை மருத்துவர், மயக்கமருந்து அலுவலர், பிறகு வார்டில் மூன்று நாள். அதன்மேல் ஜெனரேட்டர் டீசல், ஆக்சிஜன், சலவை, கருவிகளைக் கிருமிநீக்கும் செலவு.

இதில் எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு. கவுன்டி மருத்துவமனையில் சம்பளத்தைக் கவுன்டி கொடுக்கிறது. அதனால் முழு அடக்கவிலை ஒன்று, மருத்துவமனையின் சொந்தப் பையிலிருந்து போகும் விலை ஒன்று என இரண்டு நிரல் வேண்டும். முதல் நிரலில் நட்டமாகவும் இரண்டாவதில் லாபமாகவும் தெரியும் சேவைகள் பல. இரண்டையும் கலந்துவிட்டால் தப்பான சேவையைக் குறைப்பார்கள்.

இரண்டாவது, வரவேண்டிய பணத்தின் வயது. காப்பீட்டிடம் மாதம் 40 லட்சம் ஷில்லிங்குக்குக் கிளெய்ம் போடுகிறீர்கள், பணம் 90 நாளில் வருகிறது என்றால் எந்த நேரமும் 1.2 கோடி வெளியே நிற்கிறது. மருந்து சப்ளையர் 30 நாள்தான் பொறுப்பார். நடுவிலுள்ள 60 நாளை யார் சுமப்பது? இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாத மருத்துவமனையில்தான் மாதக் கடைசியில் கையுறை தீர்ந்துபோகும். 0-30, 31-60, 61-90, 90க்கு மேல் என்று நாலு நிரல் போட்ட ஒரு தாள், வாராவாரம். பழைய என்.எச்.ஐ.எஃப். பாக்கியை இதில் கலக்காமல் தனித்தாளில் வையுங்கள். கலந்தால் புதிய ஓட்டம் நல்லதா கெட்டதா என்றே தெரியாது.

திரும்பி வரும் கிளெய்முக்கு ஒரு நோட்டு: தேதி, தொகை, காரணம், எந்த மேஜையில் தவறு. முன்அனுமதி இல்லாதது, நோய்க்குறியீடு பொருந்தாதது, டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்து இல்லாதது என்று காரணங்கள் நாலைந்துக்குள் அடங்கிவிடும். கையெழுத்து விடுபடுவதை நிறுத்த எம்.பி.ஏ. எதற்கு? வார்டிலிருந்து ஃபைல் பில்லிங்குக்குப் போகும் வழியில் ஒரு சரிபார்ப்பு நிறுத்தம் போதும்.

மருந்துக்கிடங்கு:

மேல சொன்னதோட ஒத்துப்போறேன். ஆனா மருந்து கணக்கு தனிப் பாடமா இருக்கணும். அங்கதான் டாக்டர், மருந்தாளுநர், கணக்கர் மூணு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போடுவாங்க.

மூலத் தப்பு எப்பவும் ஒண்ணுதான்: ஸ்டாக் இல்லாத நாளையும் சேர்த்துச் சராசரி போடறது. 90 நாள்ல 900 குப்பி செலவாச்சு, அதுல 30 நாள் ஸ்டாக்கே இல்லைன்னு வெச்சுக்கங்க. சாதாரணமா 900-ஐ மூணால வகுத்து மாசத்துக்கு 300ன்னு எழுதுவாங்க. உண்மையில 60 நாள்ல 900 போயிருக்கு, அப்ப மாசத்துக்கு 450. உச்ச இருப்பு (கையில வெச்சிருக்கற அதிகபட்சம்) 4 மாசம்னா, கையில 200 இருக்கறப்ப சரியான ஆர்டர் 450 × 4 − 200 = 1,600. தப்பான ஆர்டர் 300 × 4 − 200 = 1,000. நாலு மாசத்துக்குன்னு வெச்ச 1,200 குப்பி மூணு மாசம் ஆகறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும். மறுபடி ஸ்டாக் அவுட், மறுபடி சராசரி இறங்கும், அடுத்த ஆர்டர் இன்னும் சின்னதாகும். இந்தச் சுழலை அவங்க சொந்த ஸ்டாக் கார்டை வெச்சே போர்டுல போட்டுக் காட்டணும். அச்சடிச்ச உதாரணத்துல உறைக்காது.

உகாண்டாவுல அரசு மருத்துவமனைக்கு நேஷனல் மெடிக்கல் ஸ்டோர்ஸ், ரெண்டு மாசத்துக்கு ஒரு சுற்று. உங்க மிஷன் மருத்துவமனைக்குப் பெரும்பாலும் கம்பாலாவுல இருக்கற ஜாயின்ட் மெடிக்கல் ஸ்டோர். கென்யாவுல அரசு மருந்து வழங்கல் ஆணையமான கெம்சா. சுற்று நாளும் பணம் கட்டற முறையும் ஒவ்வொண்ணுக்கும் வேற. அதனால உச்சம்-குறைஞ்சபட்ச இருப்பை மூணு மருத்துவமனைக்கும் ஒரே எண்ணா வைக்காதீங்க. சரக்கு வர்ற இடைவெளி, ஆர்டர் போட்டதிலிருந்து கைக்கு வர்ற நாள், அதுக்கு மேல ஒரு பாதுகாப்பு இருப்பு, இந்த மூணையும் கூட்டினதுதான் உச்சம்.

அடுத்தது உயிர்காக்கும்-அத்தியாவசியம்-தேவையில்லை பிரிப்பு. இதை மருந்தாளுநர் தனியா செய்யக் கூடாது. பிரசவ வார்டு, குழந்தை வார்டு, தியேட்டர் மூணும் உட்காரணும். பணம் குறையறப்ப எதை வெட்டறதுன்னு நெருக்கடி வர்றதுக்கு முன்னாடியே சண்டை போட்டு முடிச்சுடலாம். ஆக்சிடோசின் குளிர்பெட்டியில இருக்கா, வெளி அலமாரியில இருக்கான்னு அந்தக் கூட்டத்துலயே போய்ப் பார்த்துட்டு வரச் சொல்லுங்க. பட்டியல்ல முதல் இடத்துல இருக்கற மருந்து வெயில்ல வீரியம் போய்க் கிடக்கும்.

நன்கொடைக் கருவி பத்தி ஒரு வரி. ஆக்சிஜன் தயாரிக்கற ஆலை இலவசமா வந்தா கை தட்டிட்டு வாங்காதீங்க. வோல்டேஜ் ஸ்டெபிலைசர், வருஷா வருஷம் ஃபில்டர், மின்கட்டணம், சர்வீஸ் ஒப்பந்தம், இந்த நாலையும் பட்ஜெட்ல எழுதி, கையெழுத்து வாங்கின பிறகுதான் லாரியிலிருந்து இறக்கணும்.

கபிலை:

ஆள் கணக்கைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். "நர்ஸ் போதவில்லை" என்று கவுன்டிக்கு எழுதும் கடிதத்துக்குப் பதிலே வராது, ஏனென்றால் எல்லா மருத்துவமனையும் அதையே எழுதுகிறது. உலக சுகாதார அமைப்பின் பணிச்சுமைக் கணக்கு முறை (விஸ்ன் என்பார்கள்) இதற்காகவே உள்ளது. நமீபியா நாடு முழுவதும் இதைப் போட்டுப் பார்த்தது, உகாண்டாவிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அரை நாளில் சொல்லித் தரலாம்.

ஆண்டுக்கு 52 வாரம் × 5 நாள் = 260. விடுப்பு 30, பொது விடுமுறை 10, நோய் 5, பயிற்சி 5 என்று கழித்தால் 210 நாள். 8 மணி வீதம் 1,680 மணி. கர்ப்பகாலப் பரிசோதனை ஒன்றுக்கு ஒழுங்காகச் செய்தால் 20 நிமிடம். அப்படியானால் ஒரு நர்ஸ் ஆண்டுக்கு 5,040 பேரைப் பார்க்கலாம். கிளினிக்குக்கு 12,600 வருகை என்றால் 2.5 ஆள். பதிவேடு, கூட்டம், சுத்தம் ஆகியவற்றுக்கு நேரத்தில் 20 சதவீதம் போகிறது என்றால் 1 ÷ 0.8 = 1.25 ஆல் பெருக்க வேண்டும்: 3.1. இப்போது இருப்பது இரண்டு பேர். 2 ÷ 3.1 = 0.64. இந்த 0.64தான் கடிதத்தில் போக வேண்டிய எண். எல்லா வார்டுக்கும் போட்டபின், ஒரு வார்டு 0.6, இன்னொன்று 1.3 என்று வந்தால் கவுன்டிக்கு எழுதும் முன் உள்ளுக்குள்ளேயே ஆளை நகர்த்தும் வேலை இருக்கிறது. அதுதான் உண்மையில் கடினம். அங்கே தலைமைப் பண்பு என்ற சொல்லுக்கு வேலை வருகிறது.

வழக்கமான தவறு: 20 நிமிடத்துக்குப் பதில் "இப்போது நடப்பது 7 நிமிடம்" என்று போடுவது. அவசரத்தில் நடப்பதை அளவுகோலாக்கினால் ஆள் பற்றாக்குறையே கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

பயிற்சியின் வடிவத்துக்கு, மேனேஜ்மென்ட் சயின்சஸ் ஃபார் ஹெல்த் என்ற தொண்டு நிறுவனம் உருவாக்கிய தலைமை வளர்ச்சித் திட்டத்தைப் பாருங்கள். எகிப்தின் அஸ்வானில் தொடங்கி ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்குப் போனது. ஆறிலிருந்து எட்டு மாதம். சில நாள் பட்டறை, பிறகு ஆறேழு வாரம் மருத்துவமனையில் வேலை, நடுவில் பயிற்றுநர் வந்து பார்ப்பார், மறுபடி பட்டறை. ஒவ்வொரு குழுவும் தன் மருத்துவமனையின் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு வர வேண்டும். ஆப்பிரிக்கச் சுகாதாரத் தொண்டு நிறுவனமான ஆம்ரெஃப்பும் அமெரிக்காவின் யுசிஎல்ஏ ஆண்டர்சன் மேலாண்மைப் பள்ளியும் நைரோபியில் நடத்திய மேலாண்மைப் பயிற்சியிலும் இதேதான்: குழுவாக வந்து, ஒரு சமூக சுகாதார மேம்பாட்டுத் திட்டத்தோடு திரும்ப வேண்டும்.

ஏரிக்கரையான்:

மிக்க நன்றி. கபிலை அக்கா, அந்த "ஒரே ஒரு பிரச்சினை" எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் உதாரணம் காட்ட முடியுமா? எங்கள் ஆட்கள் "சேவைத் தரத்தை மேம்படுத்துதல்" என்றுதான் எழுதுவார்கள்.

வரவுசெலவு சார், உகாண்டா மருத்துவமனைக்குக் கிளெய்ம் பாடம் பொருந்துமா?

கபிலை:

"சேவைத் தரம்" என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள் தம்பி. இப்படி வர வேண்டும்: "செப்டம்பர் முடிவுக்குள், அவசர சிசேரியன் தேவை என்று முடிவெடுத்ததிலிருந்து கத்தி வைக்கும்வரை ஆகும் நேரத்தின் இடைநிலை அளவை 95 நிமிடத்திலிருந்து 45 நிமிடமாகக் குறைப்பது." எண், தேதி, தொடக்க நிலை மூன்றும் அந்த வாக்கியத்தில் இருக்கின்றன. இடைநிலை என்பது எல்லா நேரங்களையும் வரிசையாக வைத்தால் நடுவில் வருவது. சராசரி வேண்டாம், ஒரே ஒரு 6 மணி நேரக் கேஸ் மொத்தத்தையும் இழுத்துவிடும்.

அடுத்தபடியாக, கடைசி 20 கேஸ் ஃபைலை எடுத்து, ஆறு கட்டங்களின் நேரத்தைக் குறித்து, நடுவிலுள்ள நேரத்தை ஐந்து துண்டாகப் பிரிக்க வேண்டும்: முடிவு, சம்மதக் கையெழுத்து, ரத்த மாதிரி லேபுக்குப் போனது, மயக்கமருந்து ஆள் வந்தது, தியேட்டருக்குள் நுழைந்தது, கத்தி. எந்தத் துண்டு நீளம் என்று பார்த்துவிட்டுத்தான் "ஏன்" என்று கேட்க வேண்டும். பார்க்காமல் கேட்டால் எல்லோரும் "ஆள் இல்லை, பணம் இல்லை" என்றே சொல்வார்கள். துண்டு போட்டுப் பார்த்தால் காரணம் சின்னதாக இருக்கும்: இரவில் தியேட்டர் சாவி செக்யூரிட்டியிடமா மேட்ரனிடமா என்று தெரியாது, ஸ்ட்ரெச்சர் ஒன்றுதான், அதுவும் ஓ.பி.யில் நிற்கும், சம்மதத்துக்குக் கணவர் வர வேண்டும் என்று வார்டில் ஒரு பழக்கம், சட்டத்தில் அப்படி எதுவும் இல்லாவிட்டாலும். சாவிக்கு ஓர் ஆணியும் கையெழுத்து நோட்டும் போதும். அறக்கட்டளைப் பணம் தேவையில்லை.

பிறகு வாரம் ஒரு புள்ளியாகக் கோடு வரையச் சொல்லுங்கள். நடுவில் இடைநிலைக் கோடு. தொடர்ந்து 6 புள்ளி கோட்டின் ஒரே பக்கம் விழுந்தால், அல்லது 5 புள்ளி விடாமல் ஒரே திசையில் போனால் உண்மையான மாற்றம். அதற்குக் குறைவாக இருந்தால் கொண்டாட வேண்டாம், திட்டவும் வேண்டாம். வார்டில் ஒரு நல்ல வாரம் வந்ததும் கேக் வெட்டுவது பெரிய வியாதி.

வரவுசெலவு:

உகாண்டாவில் நாடு தழுவிய காப்பீடு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. மிஷன் மருத்துவமனைக்குப் பணம் மூன்று வழியில் வரும்: நோயாளி கட்டுவது, அரசு மானியம், நன்கொடை. அதனால் கிளெய்ம் பாடத்துக்குப் பதில் கட்டணப் பாடம். ஊசிக்கு இவ்வளவு, படுக்கைக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் பில் போட்டால் நோயாளி எவ்வளவு வரும் என்ற பயத்தில் தாமதமாக வருவார். வந்தபின் கட்ட முடியாமல் வார்டிலேயே தங்கிவிடுவார். டிஸ்சார்ஜ் ஆகியும் பில்லுக்காகக் காத்திருக்கும் படுக்கை நாட்களை எண்ணச் சொல்லுங்கள். அந்த நாட்களுக்கான சாப்பாடு, சலவை, நர்ஸ் நேரம் வராத பில்லையே தாண்டிவிடுவது உண்டு. நோய்த் தொகுதிக்கு ஒரே கட்டணம் என்று முன்கூட்டியே பலகையில் எழுதிவைப்பது இதற்கு ஒரு வழி. கட்டணத்தைக் குறைத்தால் வருகை எவ்வளவு கூடினால் சமன் ஆகும் என்பது எளிய கணக்கு. நிலையான செலவை, ஒரு நோயாளியிடம் வரும் கட்டணத்திலிருந்து அவருக்காகும் மாறும் செலவைக் கழித்த மீதியால் வகுக்க வேண்டும். கட்டணம் 50,000 உகாண்டா ஷில்லிங், மருந்தும் சோதனையும் 30,000, துறையின் நிலையான மாதச் செலவு 80 லட்சம் என்றால் 400 நோயாளி. கட்டணத்தை 46,000 ஆக்கினால் 500. அதாவது 8 சதவீதக் குறைப்புக்கு 25 சதவீதம் அதிக வருகை வேண்டும். இந்த ஒரு கணக்கு தெரியாமல் ஆளுநர் குழுவில் கட்டண விவாதம் நடக்கக் கூடாது.

கென்யாப் பக்கம் இன்னொரு கட்டாயப் பாடம் சட்டம். 2010 அரசமைப்பின்படி சுகாதாரச் சேவை 47 கவுன்டிகளிடம் போனது. பல இடங்களில் மருத்துவமனை சம்பாதித்த பணம் கவுன்டிப் பொதுக் கணக்கில் போய் விழுந்து, திரும்ப வரவே இல்லை. 2023இல் வந்த மருத்துவ நிலைய மேம்பாட்டு நிதிச் சட்டம் மருத்துவமனை தன் வருவாயை வைத்துக்கொண்டு செலவிட வழி செய்கிறது. உங்கள் கவுன்டியில் அதற்கான கணக்கும் குழுவும் அமைந்துவிட்டனவா என்பதை முதல் நாளே கேளுங்கள். அமையவில்லையென்றால், பட்ஜெட் வகுப்பை விட அதை அமைக்க வைப்பதே குழுவின் முதல் திட்டமாக இருக்கட்டும். கொள்முதலுக்கு 2015ஆம் ஆண்டுச் சட்டம். வகுப்புக்குக் கவுன்டியின் கொள்முதல் அலுவலரையே பாடம் எடுக்கக் கூப்பிடுங்கள். விதி தெரியாததால் நிற்கும் ஃபைல்கள் பாதி, அவர் முகம் தெரியாததால் நிற்பவை மீதி.

தெற்குமுனை:

எல்லோரும் எம்.பி.ஏ.வை ஒரேயடியாக ஓரம் கட்டுவது நியாயமில்லை. 100 படுக்கைக் கவுன்டி மருத்துவமனைக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஆளைப் பொறுத்து விடை மாறும்.

தனியார் மருத்துவமனைச் சங்கிலி, காப்பீட்டு நிறுவனத்தோடு பேரம், முதலீட்டாளர் என்று வந்தால் குறுகியகாலப் பயிற்சி போதாது. நைஜீரியாவை எடுங்கள். அங்கே எச்.எம்.ஓ.க்கள் (மருத்துவக் காப்பீட்டை நிர்வகிக்கும் நிறுவனங்கள்) முதல்நிலை மருத்துவமனைக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் நிலையான தொகை கொடுக்கும். ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அதே தொகை. பட்டியலில் 300 பேர் இருக்கும் கிளினிக்கில் கடும் மலேரியா, நிமோனியா என்று ஒரே மாதத்தில் நாலு பேர் வந்தால் அந்த மாத வரவு காலி. 5,000 பேர் இருக்கும் இடத்தில் அது சமனாகிவிடும். ஆக ஒப்பந்தத்தில் பேச வேண்டியது தொகையைப் பற்றி மட்டுமில்லை. பட்டியலின் அளவு, எந்தச் சேவை தொகைக்குள் வரும், எது தனிக் கட்டணம், பெரிய கேஸுக்கு உச்சவரம்பு உண்டா என்பனவும் பேசப்பட வேண்டும். இதை நிகழ்தகவோடு பேசத் தெரிந்தவர் வேண்டும். நைரோபியில் ஸ்ட்ராத்மோர் பிசினஸ் ஸ்கூலின் சுகாதார மேலாண்மை எம்.பி.ஏ. வேலையை விடாமல் தொகுதி தொகுதியாகப் படிக்கக்கூடியது. லாகோஸ் பிசினஸ் ஸ்கூல், கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி (ஜிஎஸ்பி) ஆகியவை பொது எம்.பி.ஏ.வுக்குப் பெயர் பெற்றவை.

அரசுத் துறையில் மேலே போகப்போகிறவருக்கு எம்.பி.ஏ.வை விட வேறு இடங்கள் பொருந்தும். தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஆலிவர் டாம்போ ஃபெலோஷிப் சுகாதார மேலாண்மைப் பட்டயத்தோடு வருவது. அல்பர்ட்டினா சிசுலு பெயரிலுள்ள தலைமைத் திட்டத்தை பிரிட்டோரியா, ஃபோர்ட் ஹேர் பல்கலைக்கழகங்கள் ஹார்வர்டோடு சேர்ந்து தொடங்கின (சிசுலு அம்மையார் ஒரு நர்ஸ் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், நர்ஸுகள் விண்ணப்பிக்கத் தயங்கும்போது நினைவூட்டலாம்). ருவாண்டாவில் பூட்டாரோ கிராமத்து வளாகத்தில் உலகளாவிய சுகாதாரச் சமத்துவப் பல்கலைக்கழகம் உள்ளது. கிராமப்புற மருத்துவமனையை ஒட்டியே வகுப்பு.

எந்தப் படிப்பானாலும் பணம் கட்டும் முன் மூன்றைக் கேளுங்கள். ஆய்வேட்டைச் சொந்த மருத்துவமனை பற்றி எழுத விடுவார்களா? கணக்கியல் வகுப்பில் மருத்துவமனைப் பேரேடு வருமா, இல்லை சோப்புக் கம்பெனி உதாரணம்தானா? அரசு நிதி விதிகளைச் சொல்லித்தர யாராவது இருக்கிறார்களா? மூன்றாவதற்கு "இல்லை" என்றால் கவுன்டி ஆளை அனுப்ப வேண்டாம்.

தனியார் சிறு கிளினிக்குகள் இந்த இழையைப் படித்தால்: ஃபார்ம்ஆக்சஸ் அமைப்பின் மெடிக்கல் கிரெடிட் ஃபண்ட் 2009 முதல் கடனையும் தர மேம்பாட்டையும் சேர்த்துக் கொடுக்கிறது. தரத்தைப் படிப்படியாக மதிப்பிடுவதற்கு சேஃப்கேர் என்ற படிநிலை. கென்யாவில் மொபைல் பணவரவிலிருந்தே தவணை பிடிக்கும் கடனும் உண்டு. கடன் விண்ணப்பத்தை நிரப்புவதே கணக்கு வகுப்பில் பாதி.

மருந்துக்கிடங்கு:

சோப்புக் கம்பெனி உதாரணம், நூத்துக்கு நூறு. காலாவதித் தேதி இல்லாத சரக்கை வெச்சுப் பாடம் நடத்தினா மருந்துக் கிடங்குக்கு எப்படிப் பொருந்தும்?

கபிலை:

மூன்றாவது கேள்விக்கு, பலனை எதை வைத்துப் பார்ப்பது என்பதற்கு, இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. பயிற்சி முடிந்த அன்று கொடுக்கும் "திருப்தியா?" படிவம் எதற்கும் உதவாது. புதிய பதிவேடும் தொடங்காதீர்கள். வார்டில் ஏற்கெனவே பதிவேடு அதிகம். கென்யாவிலும் உகாண்டாவிலும் மாதாந்திர அறிக்கை டி.எச்.ஐ.எஸ்.-2 என்ற கணினிச் சுகாதாரத் தகவல் முறையில்தான் போகிறது. அங்கேயும் மருத்துவமனைத் தாள்களிலும் ஏற்கெனவே இருப்பதிலிருந்தே ஒவ்வொரு மருத்துவமனைக்கும் நாலு எண் எடுங்கள்: குழுவின் சொந்த இலக்கு, பத்து உயிர்காக்கும் மருந்துகளுக்கு ஸ்டாக் இல்லாத நாட்கள், 90 நாள் தாண்டிய பாக்கி (உகாண்டாவில் பில்லுக்காகக் காத்த படுக்கை நாட்கள்), தீர்மானம் எழுதப்பட்ட மேலாண்மைக் கூட்டங்கள். இந்த நாலில் பெரும்பாலானவை டி.எச்.ஐ.எஸ்.-2இல் முழுதாக இருக்காது. கேஸ் ஃபைல், ஸ்டாக் கார்டு, வரவேண்டிய பணத்தின் தாள், கூட்டத் தீர்மானம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பயிற்சிக்கு முந்தைய 12 மாதத்தை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு போய்த் தேடினால் யாராவது திருத்தியிருப்பார்கள்.

ஆறாவது மாதம் பார்த்துவிட்டு, 12ஆவது மாதமும் போய்ப் பாருங்கள். பயிற்றுநர் வருகை நின்றபின் எண் சரிகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

பட்ஜெட்டில் பலர் விடும் ஒரு வரி: பயிற்சி நாட்களில் வார்டை யார் பார்ப்பது. நாலு பேரை மூன்று நாள் வெளியே எடுத்தால், மாற்று ஆளுக்கான படியைத் திட்டத்திலேயே எழுத வேண்டும். இல்லையென்றால் முதல் பட்டறைக்கு நாலு பேரும், இரண்டாவதற்கு இரண்டு பேரும், மூன்றாவதற்கு டைப்பிஸ்ட்டும் வருவார்கள். முடிந்தால் பட்டறையை மருத்துவமனை வளாகத்திலேயே வையுங்கள், ஆனால் மதியம் வார்டு ரவுண்டு முடிந்த பிறகு. காலையில் வைத்தால் பாதிப் பேரை நடுவில் கூப்பிட்டுவிடுவார்கள். ஒவ்வொரு குழுவிலும் பொறுப்பாளரோடு அவருடைய துணையாளும் இருக்க வேண்டும் என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஏரிக்கரையான்:

குழுப் பயிற்சி என்று முடிவு. கவுன்டி அலுவலருக்கு அனுப்பும் கடிதத்தில், குழு தானாக முடிவெடுக்கக்கூடியவை என்ற பட்டியலையும் துணையாள் நிபந்தனையையும் சேர்த்துவிட்டேன். முந்தைய 12 மாத எண்களை எடுக்க லேப் பொறுப்பாளர்களிடமும் ரெக்கார்டு அலுவலர்களிடமும் இந்த வாரமே கேட்கிறேன். ஸ்டாக் கார்டில் தேதி இல்லாமல் எண் மட்டும் எழுதியிருந்தால் ஸ்டாக் இல்லாத நாட்களை எப்படி எடுப்பது?

மருந்துக்கிடங்கு:

வார்டுக்கு மருந்து கொடுத்த இன்டென்ட் புத்தகத்துல தேதி இருக்கும். இருப்பு பூஜ்யம் ஆனதுக்கு முன்னாடி கடைசி இன்டென்ட், சரக்கு வந்த டெலிவரி நோட், ரெண்டுக்கும் நடுவுல எத்தனை நாள்னு எண்ணுங்க. துல்லியமா வராது, ஒண்ணு ரெண்டு நாள் பிசகும். பத்து மருந்துக்கு மட்டும் போடுங்க, எல்லாத்துக்கும் வேண்டாம். இன்னையிலிருந்து கார்டுல தேதி இல்லாத வரியில கையெழுத்துப் போடக் கூடாதுன்னு மருந்தாளுநருக்குச் சொல்லிடுங்க.